இறக்கினதோட இறக்கினதா: இன்ஜின் வேலையில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

"இறக்கினதோட இறக்கினதா அதையும் மாத்திடுவோம் சார்."

இன்ஜின் வேலைக்கு வண்டியை விட்டவர்கள் யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் பட்டறையை விட்டு வெளியே வந்திருக்க முடியாது. சொல்பவர் உண்மையிலேயே நம் நல்லதுக்குச் சொல்பவராக இருக்கலாம். ஸ்பேர் பில்லில் தனக்கு ஏதாவது தேறுமா என்று பார்ப்பவராகவும் இருக்கலாம். இரண்டு பேர் வாயிலும் சொல் ஒன்றுதான். அதனால் ஆளைப் பார்த்து முடிவெடுப்பதைவிடப் பாகத்தைப் பார்த்து முடிவெடுக்கப் பழகிக்கொள்வது பாதுகாப்பு.

எனக்கு இந்த நிலை வந்தது ஒரு 2013 டிசைர் டீசலால். ஓடியது 1,72,000 கி.மீ. விழுப்புரம் தாண்டி ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும், அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று நாலு கி.மீ. ஓட்டினேன். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே உட்காரும் ஹெட் கேஸ்கெட்டைத் தின்றது அந்த நாலு கி.மீ.தான். கொஞ்ச நாளில் என் மச்சானின் டாக்ஸியும் பட்டறைக்கு வந்தது. அதே இன்ஜின், 2016 மாடல், 3,40,000 கி.மீ., ஆயிரம் கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது, பின்னால் நீலப் புகை. ஒரே இன்ஜின், ஒரே பட்டறை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் எடுத்த முடிவு வேறு. இரண்டும் சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

இன்ஜினைப் பற்றி இரண்டு வரி. ஃபியட் வடிவமைத்த 1.3 மல்டிஜெட், 1,248 சி.சி., நான்கு சிலிண்டர், பதினாறு வால்வ், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். மாருதி இதை டி.டி.ஐ.எஸ். என்று ஸ்விஃப்ட், டிசைர், ரிட்ஸ், எர்டிகா என வரிசையாகப் போட்டது. டாடா குவாட்ராஜெட் என்று விஸ்டாவிலும் மான்சாவிலும் போட்டது. இந்தியாவின் தேசிய இன்ஜின் என்று கிண்டலாகச் சொல்லும் அளவுக்குப் பரவிய இன்ஜின். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆனாலும் சாலையில் இவ்வளவு வண்டி இருப்பதால் புதிய பாகம், பழைய பாகம் இரண்டுமே தாராளமாகக் கிடைக்கின்றன. நமக்குத் தேர்வு அதிகம், குழப்பமும் அதிகம்.

மூன்று வழி இருக்கிறது. உடைந்ததை மட்டும் சரிசெய்து மூடுவது ஒன்று. கைக்கு எட்டும் எல்லாவற்றையும் மாற்றிப் புதுசு போல் ஆக்குவது இன்னொன்று. மூன்றாவது, பாகம் பாகமாக உட்கார்ந்து யோசித்து இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரிப்பது. மூன்றாவதுதான் நல்லது என்று எல்லாருமே சொல்வார்கள். எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும்.

முதல் வழியில் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். அப்போது வீட்டில் மாருதி 800 இருந்தது. இன்ஜினை வெளியே எடுத்து வேலை பார்த்தபோது, கிளட்ச் பிளேட் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று அதே பிளேட்டைத் திரும்பப் போடச் சொன்னேன். மிச்சப்படுத்தியதாகப் பெருமை வேறு. ஐந்தாவது மாதம் மேம்பாலத்தில் வண்டி உறுமியதே தவிர ஏறவில்லை. கியர்பாக்ஸை மறுபடி இறக்கி, அதே கூலியை மறுபடி கொடுத்து, இரண்டு நாள் ஆட்டோவில் அலுவலகம் போனேன். கிளட்ச் பிளேட் கடையில் வாங்கினால் ஒரு விலை. பெட்டிக்குள் ஒளிந்திருக்கும்போது அதன் மேல் கூலியும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் வெளியே இருக்கும் அந்த இரண்டு மூன்று நாள் மட்டும் அந்தக் கூலி நமக்குத் தள்ளுபடி.

அதற்காக இரண்டாவது வழிக்குத் தாவினால் அங்கேயும் பள்ளம் உண்டு. பில் வண்டியின் சந்தை விலையைத் தொட்டுவிடும். அதைவிட மோசம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரிஜினல் பாகத்தைக் கழற்றிவிட்டு, பட்ஜெட் இடிக்கிறது என்று அதன் இடத்தில் லோக்கல் பாகத்தைப் போடுவது. ஒன்றரை லட்சம் கி.மீ. வாயைத் திறக்காத வாட்டர் பம்ப் ஒன்று வெளியே போய், பெட்டியில் கம்பெனி முகவரிகூட இல்லாத ஒன்று உள்ளே வரும். எல்லாம் புதுசு என்ற திருப்தி இருக்கும். ஆனால் வண்டியின் நம்பகம் குறைந்திருக்கும்.

ஆக, ஒவ்வொரு பாகத்தைப் பற்றியும் நான் கேட்டது இரண்டு கேள்வி. இன்றைக்கு விட்டுவிட்டால், மறுபடி இதைத் தொட எவ்வளவு கழற்ற வேண்டும்? இது போனால், தான் மட்டும் போகுமா, கூட வேறு எதையும் இழுத்துக்கொண்டு போகுமா? விலையைக் கடைசியில்தான் கேட்டேன். இந்த வரிசையில் கேட்டாலே பட்டியலில் பாதி தானாகத் தெளிந்துவிடும்.

யோசிக்கவே வேண்டாதவை

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பின்பக்க ஆயில் சீலை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் வளையம். அதை எட்ட கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றும் கழல வேண்டும். கசிந்தால் எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் இறங்கி அதையும் கெடுக்கும். என் வண்டியில் கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஏற்கெனவே ஈரம் இருந்தது. ஹெட்டை மட்டும் கழற்ற இன்ஜினை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கசிவும், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வரும் செயின் கரகரப்பும் சேர்ந்ததால்தான் மெக்கானிக் முழுசாக இறக்கிவிடலாம் என்றார். கிளட்ச் செட்டும் அதே கதை. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ரிலீஸ் பேரிங்கைத் திரும்ப மாட்டுவது, புது வீடு கட்டிப் பழைய மோட்டாரை வைப்பது போல. கத்தும்போது தெரியும்.

ஹெட் போல்ட்டில் பேரம் பேசவே கூடாது. இப்போதைய இன்ஜின்களில் பெரும்பாலும் இந்த போல்ட்டுகளை ஓர் அளவு டார்க் (முறுக்கு விசை) கொடுத்து இறுக்கிவிட்டு, பிறகு டிகிரி கணக்கில் இன்னும் திருப்புவார்கள். போல்ட் லேசாக நீண்டு, அந்த இழுவிசையில்தான் ஹெட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை நீண்டதை மறுபடி இழுத்தால் அதே பிடி கிடைக்காது. டீசலில் காற்றை அமுக்கும் விகிதமே பெட்ரோலைவிட மிக அதிகம். அந்த அழுத்தத்தை அடக்கி வைத்திருப்பது இந்தப் போல்ட்டுகள்தான். பழைய போல்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் புதுசு போல் ஆக்கிப் போடும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. நிறுவனம் மாற்றச் சொன்ன போல்ட் என்றால் மாற்றிவிடுங்கள்.

ஹெட் மேஜையில் இருக்கும்போது வால்வ் ஸ்டெம் சீல்கள், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் அடியில் உட்காரும் காப்பர் வாஷர்கள் இரண்டையும் கேள்வி கேட்காமல் மாற்றலாம். காப்பர் வாஷர் ஒன்று பத்து டீ விலைகூட இருக்காது. பழையதைப் போட்டால் இன்ஜெக்டரைச் சுற்றிப் புகை கசிந்து, கறுப்பாகக் கட்டி தட்டி, அடுத்தமுறை இன்ஜெக்டரையே உருவ முடியாமல் செய்துவிடும்.

குளிரில் ஸ்டார்ட் ஆவதற்காகச் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கை நான் முதலில் இந்தப் பட்டியலில் வைக்கவில்லை. வண்டி குளிரில் நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகிறது, திருச்சியில் குளிர் எங்கே இருக்கிறது? மெக்கானிக் சொன்ன காரணம் வேறு. அலுமினிய ஹெட்டில் பல வருஷம் உட்கார்ந்த குளோ பிளக், கழற்றும்போது பாதியில் முறியும். வண்டியில் ஹெட் இருக்கும்போது முறிந்தால், மிச்சத்தை எடுக்க ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். இப்போது ஹெட்டே லேத்துக்குப் போகிறது. முறிந்தாலும் அங்கேயே எடுத்துவிடலாம். சொன்னது போலவே நாலில் ஒன்று முறிந்தது. பாகம் கெட்டுவிட்டதா என்பதை விட்டுவிட்டு, அதைத் தொட இதைவிட நல்ல நேரம் எப்போது வரும் என்று பார்த்தவர் அவர். நான் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை.

செயின்

அதிக நேரம் பேசியது செயினைப் பற்றித்தான். செயின் வண்டி என்றால் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்கும்போது சொல்வார்கள். ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் ஓரளவு உண்மை. இந்தச் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. ஆயில் குறைந்தாலோ கெட்டியானாலோ, ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று விநாடி டென்ஷனர் தளர்ந்து நிற்கும். அந்த நேரம் செயின் கரகரக்கும். காலப்போக்கில் செயினின் ஒவ்வொரு இணைப்பும் தேய்ந்து மொத்தத்தில் நீளம் கூடிவிடும். பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும். இந்த இன்ஜினில் அப்படி நடந்தால் வால்வை அமுக்கும் ராக்கர் ஆர்ம்கள் உடைவது வழக்கம். அதிர்ஷ்டம் இருந்தால் சேதம் அதோடு நிற்கும். இல்லாவிட்டால் வால்வ் வளைந்து, இன்று செய்த ஹெட் வேலை முழுக்க வீண்.

செயினை எட்ட முன்பக்க டைமிங் கவரும் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பும் இறங்க வேண்டும். ஆக முதல் கேள்விக்கும் பதில் கனம், இரண்டாவதற்கும் பதில் கனம். மாற்றினேன். ஆனால் செயினை மட்டும் மாற்றுவது அரைகுறை. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் சீக்கிரமே தேயும். கைடு பிளாஸ்டிக், சூட்டில் வெடித்துப்போகும். செயின், டென்ஷனர், கைடுகள், ஸ்ப்ராக்கெட்டுகள் என்று செட்டாகக் கிடைக்கிறது. செட்டாக வாங்கினால்தான் இந்த வேலைக்கு அர்த்தம்.

பெல்ட் வண்டிக்காரர்களுக்கு இந்த முடிவு இன்னும் சுலபம். டைமிங் பெல்ட்டைக் கழற்றிவிட்டால் பழையதைத் திரும்பப் போடும் பேச்சே இல்லை. கூடவே டென்ஷனர், ஐட்லர். வாட்டர் பம்ப் அந்தப் பெல்ட்டில்தான் சுற்றுகிறது என்றால் அதுவும். பம்ப்பின் பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்துவிடும். என் வண்டியில் வாட்டர் பம்ப் வெளிப்பக்க பெல்ட்டில் சுற்றுகிறது, பிறகு தனியாகவும் மாற்றலாம். ஆனாலும் மாற்றினேன். ஒருமுறை கொதித்த வண்டி. பம்ப் மறுபடி ஏமாற்றினால் போவது ஹெட். அதே காரணத்துக்காகத் தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸ், கிளாம்ப். இவ்வளவு வேலைக்கும் காரணமே ஒரு ஹோஸ்தானே. மற்ற ஹோஸ்களுக்கும் அதே வயசு.

அளக்காமல் மாற்றாதே, அளக்காமல் விடாதே

இதுவரை சொன்னதெல்லாம் இன்ஜினைச் சுற்றி இருப்பவை. உள்ளே இருக்கும் பிஸ்டன், அதைச் சுற்றியுள்ள ரிங், கிராங்கில் உட்காரும் பேரிங் விஷயத்தில் கூலிக் கணக்கு மட்டும் போதாது. அளவுக் கருவி வேண்டும்.

எங்கள் பட்டறைப் பேச்சில் ஹாஃப் இன்ஜின் என்றால் ஹெட் வேலை, ரிங், பேரிங். ஃபுல் இன்ஜின் என்றால் பிளாக்கின் சிலிண்டர் துளைகளைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து (ரீபோர்), அதற்கேற்ற பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போட்டு, கிராங்கைக் கிரைண்ட் செய்து அதற்கேற்ற (அண்டர்சைஸ்) பேரிங் போடுவது. வேறு பட்டறையில் இந்தச் சொற்களுக்கு வேறு பொருள் இருக்கலாம். அதனால் மதிப்பீடு வாங்கும்போது 'ஹாஃப்' என்றால் என்னென்ன என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் வண்டியில் திறக்கும் முன்பே கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தார்கள். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் குறைவு, ஒன்றிலும் நான்கிலும் நல்ல அளவு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் விட்டுவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ரிங் தேய்மானம் அப்படிச் சொல்லிவைத்தாற்போல் இரண்டில் மட்டும் வராது. ஹெட்டைத் தூக்கியதும் கேஸ்கெட்டின் நடுப்பாலம் கருகிக் கிடந்தது. சிலிண்டர் சுவரில் தேய்த்துப் போட்ட (ஹோனிங்) குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தன. மேல் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். தேய்ந்ததைக் காட்டும் படி எதுவும் தட்டுப்படவில்லை. போர் கேஜ் வைத்து அளந்தார்கள். நீள்வட்டமாகவோ கீழ்நோக்கிக் குறுகியோ போகவில்லை. சம்ப் எப்படியும் கழன்றுவிட்டதால் கனெக்டிங் ராடைக் கிராங்கோடு பிடிக்கும் பிக் எண்ட் கேப் ஒன்றை மட்டும் திறந்து பேரிங்கைப் பார்த்தோம். சாம்பல் நிறம், ஒரே சீர். அடியிலுள்ள செம்பு நிறம் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்த கேப்பை அதே இடத்தில், அதே திசையில், புது போல்ட் போட்டு மூடியாயிற்று. ரிங்கை மாற்றவில்லை.

இதில் மெக்கானிக்குக்கும் எனக்கும் சின்னக் கருத்து வேறுபாடு. மேலே ஹெட்டை இறுக்கமாக்கிவிட்டால் கீழே ரிங் தாங்காது, ஆயில் குடிக்க ஆரம்பிக்கும் என்றார். பட்டறைகளில் நெடுநாளாகச் சொல்வதுதான், முழுக்கப் பொய்யும் அல்ல. ரிங் ஏற்கெனவே தேய்ந்திருந்து, வால்வ் கசிவால் அது வெளியே தெரியாமல் இருந்தால், ஹெட்டைச் சரிசெய்ததும் தெரிய ஆரம்பிக்கும். நல்ல ரிங்கை நல்ல ஹெட் கெடுத்துவிடாது. அதைவிட, நல்ல போரில் படிந்து ஓடும் பிஸ்டனை வெளியே எடுத்தால், புது ரிங் போட வேண்டும், ஹோனிங் செய்ய வேண்டும், ரிங் வாய் இடைவெளி பார்க்க வேண்டும், திரும்பவும் படியவிட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு தப்பு நடக்க இடம் உண்டு. பிஸ்டன் வெளியே வந்தால் ரிங்கை மாற்றாமல் உள்ளே போடக்கூடாது. வர வேண்டிய அவசியம் இல்லையென்றால் அதைத் தொடவே கூடாது.

ஹெட்டை லேத்துக்கு அனுப்பும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. சூட்டில் கோணியிருக்கிறதா என்று நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டும் என்றால் மட்டும் சீவ வேண்டும். ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு வளைந்திருந்தாலே கேஸ்கெட் பிடிக்காது என்பது நிஜம். ஆனால் டீசலில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. வழக்கம்போல ஒரு கட் கொடுத்துவிடலாம் என்று சீவினால் அந்த இடமும் போய்விடும். பல டீசல் இன்ஜின்களுக்குக் கேஸ்கெட்டே இரண்டு மூன்று தடிமனில் வரும். பிஸ்டன் பிளாக்கின் மேல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்து அதற்கேற்ற தடிமனை வாங்க வேண்டும். பிரஷர் டெஸ்ட் போட்டு விரிசல் பார்ப்பதையும் அதே நடையில் முடித்துவிடலாம். விரிசல் விட்ட ஹெட்டுக்குப் புதுக் கேஸ்கெட் போட்டு மூடினால் அடுத்த மாதம் மறுபடி அதே பட்டறையில்தான் நிற்போம்.

மச்சானின் வண்டி

அவர் வண்டியில் நகத்துக்குப் படி தட்டுப்பட்டது. குறுக்குக் கோடுகளின் தடமே இல்லை, சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. அங்கே புது ரிங் மட்டும் போட்டால் ஓரிரு மாதம் புகை நிற்கும்; நீள்வட்டமாகிவிட்ட போரில் வட்டமான ரிங் எத்தனை நாள் உட்காரும்? அவர் முன்னால் இருந்தவை இரண்டு: ஃபுல் இன்ஜின் வேலை, அல்லது பழைய உதிரிபாகச் சந்தையான சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய இன்ஜினை வாங்கி மாட்டுவது.

டாக்ஸிக்காரருக்கு நாள் கணக்குதான் பெரிய கணக்கு. ரீபோர் என்றால் பிளாக் லேத்தில், கிராங்க் இன்னொரு இடத்தில், பிஸ்டன் எந்த அளவில் கிடைக்கிறது என்று கடையில் விசாரணை என்று இரண்டு மூன்று வாரம் போகும். இதில் வரிசை முக்கியம்: பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் பிளாக்கைச் சீவ வேண்டும். சீவிவிட்டு அந்த ஓவர்சைஸ் பிஸ்டனைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. பழைய இன்ஜின் என்றால் மூன்று நாலு நாளில் வண்டி சாலையில்.

அதனால் அவர் முதலில் புதுப்பேட்டைப் பக்கம்தான் சாய்ந்தார். பிறகு உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். எங்கிருந்தோ வரும் இன்ஜினுக்கு வரலாறு கிடையாது. எத்தனை கி.மீ. ஓடியது, ஆயில் மாற்றினார்களா, யாருக்கும் தெரியாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படி ஒரு வண்டியின் இன்ஜினாக இருந்தால்? வெளியே பெயின்ட் அடித்திருப்பார்கள். உள்ளே துரு இருக்கும். சரி, நல்ல இன்ஜினாகவே இருக்கட்டும். மாட்டும் முன் செயின் செட், பின் சீல், கிளட்ச், வாட்டர் பம்ப் எல்லாம் அதற்கும் மாற்றத்தான் வேண்டும். பழைய இன்ஜின் என்பதால் அந்தச் செலவு மாயமாகிவிடாது. அதை எழுதிய பிறகு, மலிவு என்று தெரிந்ததில் பெரிய பங்கு கரைந்துவிட்டது. இன்னொன்று, வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்து, இன்ஷூரன்ஸிலும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும் டாக்ஸிக்கு இது ஒளித்துவைக்கும் விஷயமே இல்லை. விற்றவரின் ரசீது இல்லாத இன்ஜின் என்றால், திருட்டு வண்டியுடையது என்ற சந்தேகமும் நம் தலையில்.

கடைசியில் ஃபுல் இன்ஜின். மூன்று வாரம் வேறொருவரின் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். இன்னும் நாலைந்து வருஷம் இதே வண்டியில்தான் பிழைப்பு என்பதால் அவருக்கு அது கட்டுப்படி. இரண்டு வருஷத்தில் விற்கப்போகிறவராக இருந்தால் நானே புதுப்பேட்டைக்குக் கூட்டிப்போயிருப்பேன்.

அவர் இன்ஜினில் பேரிங் தேய்ந்து உலோகத்தூள் ஆயிலில் கலந்திருந்தது. அந்த நிலையில் ஆயில் கூலர், சம்ப்பில் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர், டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய் மூன்றையும் மறக்கவே கூடாது. கூலரின் சின்னச் சின்ன வழிகளில் ஒளிந்திருக்கும் தூள், புது பேரிங் போட்டு ஸ்டார்ட் செய்த முதல் நாளே வந்து சேரும். கழுவினால் முழுக்கப் போகாது, கூலரை மாற்றினார். பில்லில் அவர் முனகியது அந்த ஒரு வரிக்குத்தான்.

எந்தப் பெட்டி

எதை மாற்றுவது என்று முடிவான பிறகும் எந்தக் கடையில், எந்தப் பெயரில் வாங்குவது என்ற இரண்டாவது சண்டை இருக்கிறது. கார் நிறுவனத்தின் பெயர் போட்ட பெட்டிக்குள் இருப்பதும் பெரும்பாலும் ஓர் உதிரிபாக நிறுவனம் செய்ததுதான். கிளட்ச்சுக்கு வேலியோ, லுக், எக்ஸெடி; பெல்ட்டுக்கு கேட்ஸ்; குளோ பிளக்குக்கு பாஷ். இதில் நம் ஊர்ச் சரக்கும் உண்டு. பிஸ்டனுக்குச் சென்னை இந்தியா பிஸ்டன்ஸ், வால்வுக்கு ரானே, பேரிங்குக்குக் கோவையில் ஆலை வைத்திருக்கும் பைமெட்டல். இவர்களின் சொந்தப் பெட்டியில் வாங்கினால் விலை குறையும். அந்தப் பெயரை அச்சடித்த போலிப் பெட்டியில் வாங்கினால் குறைந்த விலையும் நஷ்டம்தான். அங்கீகரித்த விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குவதைத் தவிர இதற்கு வேறு வித்தை எனக்குத் தெரியவில்லை.

நான் கடைப்பிடித்தது இப்படி. ஹெட் கேஸ்கெட், ஹெட் போல்ட், செயின் செட், கிராங்க் சீல் நான்கும் நிறுவன ஒரிஜினல். தப்பு நடந்தால் மறுபடி முழுசாக இறக்க வேண்டியவை அவை. கிளட்ச், வாட்டர் பம்ப், வெளிப் பெல்ட், ஹோஸ் எல்லாம் பெயர் உள்ள உதிரிபாக நிறுவனம். இன்ஜின் மவுன்டிங் ஒன்றின் பிராக்கெட் உடைந்திருந்தது. அதைப் பழைய இரும்புக் கடையில் எடுத்தேன். வார்ப்பு உலோகம் பழசானாலும் தப்பில்லை. ரப்பர், கேஸ்கெட், பேரிங், செயின், இழுபட்ட போல்ட் ஆகியவற்றைப் பழசில் வாங்குவது, அடுத்தவர் கழற்றிப் போட்ட தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவது.

தொடாமல் விட்டவை பற்றியும் சொல்ல வேண்டும். மெக்கானிக்கின் முப்பத்தோரு வரிப் பட்டியலில் டர்போ, நான்கு இன்ஜெக்டர், ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர் பேரிங் எல்லாம் இருந்தன. விலையில் பட்டியலின் பெரும்பகுதி இவைதான். டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தோம். முன்னும் பின்னும் ஆட்டம் இல்லை, இன்டேக் குழாயில் ஆயில் வழியவில்லை. ஆயில் குழாயை மட்டும் சுத்தம் செய்து மாட்டினோம். இன்ஜெக்டர்களை டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பினேன். நான்கிலும் தெளித்தது போகத் திரும்பி வரும் டீசல் உரிய அளவுக்குள் இருந்தது. இவை எல்லாமே இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே கழற்றி மாட்டக்கூடியவை. இன்று மாற்றினாலும் அடுத்த வருஷம் மாற்றினாலும் கூலி ஏறத்தாழ அதேதான். ஆகவே இவற்றுக்கு 'இறக்கினதோட இறக்கினதா' பொருந்தாது. முப்பத்தொன்றில் பத்தொன்பது வரி நின்றது, பன்னிரண்டு போனது. பில் பாதிக்கும் கொஞ்சம் கீழே வந்தது.

எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. சொந்த வண்டியின் பதிவு பதினைந்து வருஷம். 2013 வண்டி 2028இல் புதுப்பிக்கப் போய் நிற்க வேண்டும். அதுவரை நிச்சயம் ஓட்டுவேன், அதற்குப் பிறகு தெரியாது. அந்த எல்லைக்குள் மறுபடி இன்ஜினை இறக்கும்படி வரக்கூடாது. என் பத்தொன்பது வரியும் அந்த ஒரு விருப்பத்தில் இருந்து வந்ததுதான்.

வேலை முடிந்து பதினான்காயிரம் கி.மீ. ஓடிவிட்டது. காலைக் கரகரப்பு இல்லை, அடியில் ஈரமும் இல்லை. சென்ற வாரம் பெல்ட் பக்கமிருந்து லேசாக ஒரு கீச்சுச் சத்தம். ஆல்டர்னேட்டர் பேரிங்தான் என்கிறார் மெக்கானிக், "அன்னைக்கே சொன்னேனே சார்" என்ற முகத்தோடு. ஞாயிற்றுக்கிழமை கழற்றிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாமாம்.